அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மேகம் தரையிற் படிந்தாற்போல நீலநிறங்கொண்டு நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. கோமுகி ஆறு அம்மலையிற் பிறந்து சமவெளிக்கு இறங்குகின்றது. மலையாளி என்னும் பெயருடைய பழங்குடி மக்கள் அங்கே சாமையும் தினையும் விளைத்தும், கடுக்காயும் புளியும் தேனும் திரட்டியும் வாழ்ந்து வருகின்றனர். கடுக்காய் விளையும் மலையின் அடிவாரத்தில் சித்த மருத்துவம் வேரூன்றியதில் வியப்பொன்றும் இல்லை.

பண்டை நாட்டு மருத்துவர், நோயாளியின் நாடியை மட்டும் பார்த்து அமைந்துவிடமாட்டார். வைகறையில் முதன்முதற் கழிந்த சிறுநீரை ஒரு கலத்தில் ஏந்திவரச் செய்வார். அதன் நிறம், எடை, நாற்றம், நுரை, குறைவு என்னும் ஐந்தையும் நோக்குவார். இதற்கு நீர்க்குறி என்று பெயர். பின்னர் அக்கலத்தை அசையாமல் வைத்து, நல்லெண்ணெய் ஒரு துளியை அதன்மேல் விடுவார். துளி பாம்பைப்போல் நெளிந்து நீளுமாயின் வாதம் என்றும், வளையமாகப் பரவுமாயின் பித்தம் என்றும், முத்தைப்போல் திரண்டு நிற்குமாயின் கபம் என்றும் துணிவார். இதற்கு நெய்க்குறி என்று பெயர். தேரையர் என்னும் சித்தர் பெயரால் இம்முறைகள் வழங்கி வருகின்றன.

இவ்வைந்தனுள் நுரை என்பதனை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். முட்டையின் வெண்கருவை நீரிற் கலக்கி அடித்தால் நுரை பொங்கி, எளிதில் அடங்காது நிற்கும். வெண்கரு புரதமாதலே அதற்குக் காரணம். சிறுநீரில் நுரை மிகுந்து நெடுநேரம் நிற்குமாயின், குருதியில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வழியே கசிந்து வெளியேறுகின்றது என்று ஐயுற இடமுண்டு. இலண்டன் மாநகரத்தில் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட் என்பார், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரிற் காட்டினார். அது வெண்கருவைப்போல் கலங்கி உறைந்தது. அந்நோயாளிகள் இறந்தபின் அவர்தம் சிறுநீரகங்களை அறுத்து ஆராய்ந்து, பழுது அங்கேதான் உள்ளது என்று 1827ஆம் ஆண்டில் நூலெழுதி வெளியிட்டார்.

நுரையும் கரண்டியும் புரதம் உண்டா இல்லையா என்பதனை அறிவிக்கும். எவ்வளவு உண்டு என்று கேட்டால் அவை வாய்திறவா. நேற்றினும் இன்று நோய் தணிந்ததா, கொடுத்த மருந்து பயன்பட்டதா என்று அறியவேண்டுமாயின் அளவு வேண்டும். அளவிற்கு ஓர் அளவுகோல் வேண்டும். சிறுநீரிலும் குருதியிலும் தசையிலும் உள்ள பொருள்களை நிறத்தைக் கொண்டு அளக்கும் கலையில் உலகம் வியக்கும் தேர்ச்சி பெற்ற இந்தியர் ஒருவர் இருந்தார். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். பீமவரம் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. அந்நாளிலோ பீமவரமும், தென்னார்க்காட்டு மாவட்டத்து வட்டமாயிருந்த கள்ளக்குறிச்சியும் சென்னை மாகாணம் என்னும் ஒரே ஆட்சிப் பரப்பில் அடங்கியிருந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ஆம் ஆண்டில். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிவைக்கப்பட்டது 2022ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாளில். சுப்பாராவின் பிறந்தநாளும் அதுவே என்பதனை நினைந்து அந்நாளைத் தேர்ந்தவர் எவரும் இலர்; ஆயினும் இவ்வியைபு நம் மனத்திற்கு உவகை தருகின்றது.

தந்தையார் சகந்நாதம் வருவாய்த்துறையில் அலுவல் பார்த்தவர். உடல்நலக் குறைவால் உரிய காலத்திற்கு முன்பே அலுவலை விட்டார். பிள்ளைகள் எழுவர், வருவாயோ மிகச் சுருக்கம். தாயார் வேங்கம்மா உறுதி படைத்த நெஞ்சினர். சுப்பாராவ் இளமையில் கல்வியில் நாட்டமுடையவராகக் காணப்படவில்லை. பதின்மூன்றாம் வயதில் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்பது அவர் எண்ணம். தாயார் அவரை வழியிலேயே மீட்டு வந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார்.

பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தம் நகைகளை விற்று மகனைப் படிக்கவைத்தார் தாயார் என்பர். பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் மருந்துகள் சிலவற்றிற்கு வழிகோலிய ஒருவர் பள்ளித் தேர்வில் இருமுறை தோற்றவர் என்பதனை, தேர்வு முடிவு நாளில் முகம் வாடி நிற்கும் மாணவர்க்கு ஆசிரியர்கள் எடுத்துக் கூறலாம்.

மாநிலக் கல்லூரியிற் பயிலுங்கால் அவருக்குத் துறவில் வேட்கை எழுந்தது. இராமகிருட்டிண மடத்திற் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. நோயுற்றார்க்குத் தொண்டு செய்யும் மருத்துவமும் துறவிற்கு அயலானதன்று என்று தெளிந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். நண்பர்களும், பிற்காலத்தில் அவர்க்கு மாமனாரான கத்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர். 1919ஆம் ஆண்டில் மூர்த்தியின் மகளார் சேசகிரியை மணந்தார்.

அது காந்தியடிகள் அயல்நாட்டுத் துணியை விலக்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்ட காலம். சுப்பாராவ் அறுவைக் கூடத்திற்கும் கதராடை அணிந்து சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியர் ஓர் ஆங்கிலேயர். அவர்க்கு அது பொறுக்கவில்லை. விடைத்தாள்கள் நன்றாகவே இருந்தும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றே கிட்டியது. அரசு மருத்துவப் பணியில் நுழைய முயன்றும் இயலவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார்.

இதனிடையே அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. தமையனார் புருடோத்தமர் ஸ்புரு என்னும் கொடிய கழிச்சல் நோயால் மாண்டார். உண்ட உணவு உடலில் ஒட்டாமல், குருதி சோகையுற்று, நாளுக்கு நாள் மெலிந்து உயிர்போகும் நோய் அது. சில நாட்களுக்குள் மற்றோர் உடன்பிறந்தாரும் இறந்தார். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆசந்த இலக்குமிபதி என்னும் ஆயுர்வேத மருத்துவர் அளித்த மருந்தால் அவர் உயிர் பிழைத்தார். தமையனைக் கொன்ற நோய்க்கு மேனாட்டு மருத்துவத்தில் மருந்தில்லை என்பது அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. தம்மைக் காத்த ஆயுர்வேத மருந்திலோ, எப்பொருள் எவ்வளவு இருந்து நோயைத் தீர்த்தது என்று சொல்வார் இல்லை. இவ்விரண்டிற்கும் விடைகாணும் அவா அவரைக் கடல் கடக்கச் செய்தது.

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்தில் ஆர்வர்டு பல்கலைக்கழகம் வெப்பமண்டல நோய்களைப் பற்றிய கல்வியை நடத்தி வந்தது. 1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அங்கே சென்று சேர்ந்தார். கையிலிருந்த பணம் கடனாகப் பெற்றது. உதவித்தொகை இல்லை. இந்திய மருத்துவச் சான்றைக் கொண்டு அங்கே மருத்துவராகத் தொழில் புரியவும் இயலாது. ஆகவே, பீட்டர் பெண்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேர ஏவலாளாகப் பணியேற்றார். நோயாளிகள் சிறுநீர் கழித்த கலங்களையும் மலத்தட்டுகளையும் எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பது அவர் வேலை. சென்னையில் மாணவர்க்கு விரிவுரை நிகழ்த்தியவர் அதனைச் செய்தார். பகலில் வகுப்பில் அமர்ந்து பட்டயக் கல்வியை முடித்தார். அதே மருத்துவமனையில்தான், பின்னர் 1954ஆம் ஆண்டில், ஒருவர் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைப் பிறவிக்குப் பொருத்தும் அறுவை உலகில் முதன்முறையாக வெற்றிபெற்றது.

பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் ஆய்வாளராக இடம் கிடைத்தது. அத்துறையின் தலைவர் ஓட்டோ போலின். சிறுநீரில் உள்ள பொருள்களை நிறங்கொண்டு அளப்பதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். அவர்தம் துறையில் சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரோடு சேர்ந்து சுப்பாராவ் வேலை தொடங்கினார். முதலிற் கிடைத்த வேலை, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்க நல்லதொரு வழி காண்பது.

மாணவர்கள் இவ்வழியை விளங்கிக்கொள்ளுதல் நன்று. அது கடினமானதன்று. சிறுநீரிலுள்ள பாஸ்பரசோடு அமிலமும் மாலிப்டேட்டு என்னும் உப்பும் சேர்ந்தால் ஒரு கூட்டுப்பொருள் உண்டாகும். தக்கதொரு பொருளை அதனுடன் கலந்தால் நீலநிறம் தோன்றும். பாஸ்பரசு மிகுந்தால் நீலம் ஆழும், குறைந்தால் வெளிறும். அளவு தெரிந்த பாஸ்பரசுக் கரைசலிலும் அவ்வாறே நீலம் எழுப்பி, இரண்டையும் நிறமானி என்னும் கருவியில் அருகருகே வைத்து, ஒரே கண்ணாடி வழியே நோக்குவர். இருபுறத்து நீலமும் ஒத்துவருமாறு நீரின் ஆழத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வர். ஆழத்தைக் கொண்டு அளவைக் கணக்கிட்டுவிடலாம். பொன்னை உரைகல்லில் உரைத்து, மாற்றறிந்த ஆணியின் உரையோடு ஒப்பிட்டு நோக்கும் நம் ஊர்ப் பொற்கொல்லர் செயலை ஒத்தது இது.

முன்னிருந்தோரும் இவ்வாறு முயன்றதுண்டு. ஆயின் அவர்கள் எழுப்பிய நீலம் நிலைத்து நில்லாது விரைவில் மங்கிவிடும்; அளப்பவர் கண்ணை வைக்குமுன் நிறம் மாறிவிடும். பிஸ்கேயும் சுப்பாராவும் அமினோநாப்தால் சல்போனிக் அமிலம் என்னும் பொருளைப் பயன்படுத்தி, விரைவில் தோன்றி நிலைத்து நிற்கும் நீலத்தை எழுப்பினர். 1925ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முறை பிஸ்கே சுப்பாராவ் முறை என்றே பெயர்பெற்றது. அதனைத் தழுவிய அளவைகள் அதன்பின் பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கையாளப்பட்டன. சிறுநீரகம் தளர்ந்தவர் குருதியில் பாஸ்பரசு தேங்கி மிகும். ஆதலின் மருத்துவர்க்கும் அம்முறை பெரிதும் பயன்பட்டது. இரவெல்லாம் சிறுநீர்க் கலம் கழுவிய கைகள், இரண்டொரு ஆண்டுகளில் அச்சிறுநீரை அளக்கும் வழியை உலகிற்கு அளித்தன.

அதனினும் பெரிய செய்தி ஒன்று அந்நீலத்தினுள்ளேயே ஒளிந்திருந்தது. தசையைப் பிழிந்தெடுத்த நீரில் இம்முறையைக் கையாண்டபோது, நீலம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. சிறிது சிறிதாக ஆழ்ந்துகொண்டே சென்றது. மற்றொருவராயின், கலவையிற் பிழை நேர்ந்தது என்று கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கியிருப்பர். இவ்விருவரும் அவ்வாறு செய்யவில்லை. முறை பிழையற்றது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தனர். ஆகவே, தசையில் எளிதில் உடையும் பாஸ்பரசுக் கூட்டுப்பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். அது அமிலத்திற் சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பரசை விடுவிப்பதால்தான் நீலம் காலம் தாழ்த்து ஆழ்கின்றது என்று உய்த்துணர்ந்தனர். தேடிப் பிரித்தெடுத்தனர். அது பாஸ்போகிரியாட்டின். இஃது 1927ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் இருவர் அப்பொருளின் சாயலைக் கண்டனர். தசை இயங்குவதற்கு வேண்டும் ஆற்றல் முழுதும் லாக்டிக் அமிலத்திலிருந்தே வருகின்றது என்று அதுவரை அறிஞர் நம்பியிருந்தனர். அக்கொள்கைக்கு 1922ஆம் ஆண்டு நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. அக்கொள்கை இப்புதுப்பொருளின் முன் நிலைகுலைந்தது.

பாஸ்போகிரியாட்டினும் கிரியாட்டினும் தசையில் நாள்தோறும் சிறிதளவு சிதைந்து கிரியாட்டினின் என்னும் கழிவாக மாறுகின்றன. நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு ஒருநாளில் இவ்வாறு மாறும். அக்கழிவு குருதியிற் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்பெற்று வெளியேறும். தசையின் அளவு திடீரென்று மாறுவதில்லையாதலின், நாளொன்றுக்கு வெளியேறும் கிரியாட்டினின் அளவும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும். கடிகார ஊசலைப்போல் ஒழுங்கு தவறாத இக்கழிவே இன்று சிறுநீரக ஆய்விற்கு அளவுகோலாக நிற்கின்றது.

எங்ஙனம் என்பதனை ஒரு சுண்டெலியைக் கொண்டு காண்போம். மாந்தர்க்குச் சிறுநீரக நோய் முற்றப் பல ஆண்டுகள் செல்லும். எலிக்கோ சில வாரங்களே போதும். ஆதலின் நோயின் தொடக்கத்தையும் மருந்தின் பயனையும் ஆய்வுக்கூடங்களில் எலிகளிடத்து ஆராய்கின்றனர். சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம். அது ஒருநாளிற் கழிக்கும் சிறுநீர் ஒன்று அல்லது இரண்டு மில்லிலிட்டர். மனிதச் சிறுநீரகம் ஒன்றில் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகட்டிகள் உள்ளன. எலியின் சிறுநீரகத்தில் 10,000க்குச் சற்று மேற்பட்டவையே உள்ளன. கம்பித்தளம் உடைய கூண்டில் எலியை வைத்து, அடியில் புனல் பொருத்தி, எச்சம் வேறாகவும் நீர் வேறாகவும் விழச்செய்து அச்சிறுநீரைத் திரட்டுவர்.

ஓர் எலி மிகுதியாக நீர் பருகியது என்க. சிறுநீர் இருமடங்காகும், அதிலுள்ள புரதத்தின் செறிவு பாதியாகிவிடும். நோய் தணிந்தது என்று ஆய்வாளர் மயங்குவார். ஆயின் கிரியாட்டினின் செறிவும் அவ்வண்ணமே பாதியாகியிருக்கும். புரதத்தைக் கிரியாட்டினினால் வகுத்துப் பார்த்தால் ஈவு மாறாது. எலி எவ்வளவு நீர் பருகினும் ஏமாற்ற இயலாது. மருத்துவமனைகளில் நீரிழிவு உடையவர்க்குச் செய்யும் சிறுநீர்ச் சோதனையிலும் இதே வகுத்தலே நிகழ்கின்றது.

எலியிடத்து வேறொரு சூழ்ச்சியும் உண்டு. நோயற்ற எலியின் சிறுநீரிலும், சிறப்பாக ஆணெலியின் சிறுநீரிலும், புரதம் மிகுதி. மணத்தால் தன் இனத்திற்குச் செய்தி சொல்லுதற்பொருட்டு அதன் ஈரல் உண்டாக்கும் சிறிய புரதம் அது. புரதம் உண்டா என்று மட்டும் பார்ப்பவர் நலமுள்ள எலியையும் நோயுற்றது என்றே கூறிவிடுவர். ஆகவே, ஆல்புமின் என்னும் ஒரு புரதத்தை மட்டும் பிரித்தறிந்து அளக்கின்றனர். ஆல்புமின் உருவிற் பெரியது. சிறுநீரகத்தின் சல்லடை நன்னிலையில் உள்ளவரை அதன் துளையில் நுழையாது. அது வெளிப்பட்டால் சல்லடை கிழிந்தது என்பது துணிபு. சல்லடைக்கு அப்பாலுள்ள நுண்குழாய்கள் புண்பட்டால் வெளிப்படுபவை வேறு புரதங்கள். அவற்றுள் கிம்-1 என்பது 1998ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து ஆய்வாளரால் எலியிடத்தே அறியப்பட்டது.

கிரியாட்டினினை அளப்பதற்கு 1886ஆம் ஆண்டில் யாப்பே என்னும் செருமானியர் ஒரு வழி கண்டார். பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அது செம்மஞ்சள் நிறம் தரும். அந்நிறத்தைச் சிறுநீரை அளக்கும் முறையாக 1904ஆம் ஆண்டில் ஆக்கியவர் சுப்பாராவின் துறைத்தலைவராகிய அதே போலின். எலியின் குருதியில் வேறு பொருள்களும் அந்நிறத்தைத் தருவதால், அங்கே அம்முறை பிழைபடும். ஆய்வாளர் இன்று வேறு முறைகளை நாடுகின்றனர். ஆய்வின்பொருட்டு எலிகள் துன்புறுவதை எண்ணி வருந்தும் உள்ளமும் நமக்கு வேண்டும். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது.

சுப்பாராவின் வரலாற்றிற்கு மீள்வோம். 1929ஆம் ஆண்டில் அவரும் பிஸ்கேயும் தசையில் மற்றொரு பாஸ்பரசுப் பொருளைக் கண்டனர். அதுவே ஏ.டி.பி. எனப்படுவது. உயிருள்ள ஒவ்வோர் அணுவிலும் ஆற்றலைத் தாங்கிச் செல்லும் நாணயம் அது. செருமனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனித்து அதனைக் கண்டறிந்தார். 1930ஆம் ஆண்டில் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஆர்வர்டில் நிலையான பேராசிரியப் பதவி அவர்க்கு வழங்கப்படவில்லை. தம் பங்கை எடுத்துரைத்து வாதாடும் இயல்பு அவரிடத்து இல்லை. கட்டுரைகளில் பிறர் பெயர் முன்னிற்கத் தாம் பின்னின்றார். அடக்கம் நற்பண்பே. எனினும் உரியவர்க்கு உரியதை அளிக்கும் கடமை பதவியில் இருப்போர்க்கு உண்டன்றோ? அவர்கள் அதனைச் செய்யவில்லை என்றே கூறவேண்டும்.

1940ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்கு மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து, விரைவில் அதன் ஆய்வுத் தலைவரானார். எட்டே ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அவ்வெட்டு ஆண்டுகளில் விளைந்தவை பல.

முதலாவது, போலிக் அமிலம். பம்பாயில் கருவுற்ற ஆலைத்தொழிற் பெண்டிரின் சோகையை ஈஸ்டுச் சாறு தீர்ப்பதனை லூசி வில்சு என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் முன்னரே காட்டியிருந்தார். அச்சாற்றிலும் ஈரலிலும் கீரையிலும் மறைந்திருந்த பொருளுக்கு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பின்னர்ப் பெயர் இட்டனர். சுப்பாராவின் குழுவினர் 1945ஆம் ஆண்டில் அதனைச் செயற்கையில் ஆக்கினர். மறு ஆண்டிற்குள் மருத்துவர்கள் அதனை ஸ்புரு நோயாளிகட்குக் கொடுத்துப் பார்த்தனர். சோகை நீங்கியது, பசி மீண்டது, மெலிந்தவர் எழுந்து நடந்தனர். புருடோத்தமரைக் கொன்ற நோய்க்கு அவர்தம் தம்பியாரின் ஆய்வுக்கூடத்திலிருந்தே மருந்து வந்தது. இடையிற் சென்ற ஆண்டுகள் இருபத்தைந்துக்கு மேல்.

போலிக் அமிலம் குருதியணுக்களைப் பெருக்குமாயின், அதனைப் போன்ற உருவுடையதாய் அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் போலிப்பொருள் அணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தல் வேண்டுமன்றோ? அத்தகைய பொருள்களையும் சுப்பாராவின் குழுவினர் ஆக்கினர். பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்பார் அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரினை குருதிப்புற்று நோயால் மடியவிருந்த குழந்தைகட்குக் கொடுத்தார். 16 குழந்தைகளுள் 10 பேர்க்கு நோய் சிலகாலம் தணிந்தது. அவர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட இச்செய்தியே புற்றுநோயை மருந்தால் வெல்லும் முயற்சிக்கு வாயில் திறந்தது. அதன் உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்சேட்டு இன்றும் உலகெங்கும் வழங்கும் மருந்து.

1950களில் அம்மருந்தால் கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்று முற்றும் ஒழிக்கப்பட்டது. புற்று ஒழிந்ததா என்பதனை அறிய மருத்துவர் நோக்கியது நோயாளியின் சிறுநீரையே. அப்புற்று சுரக்கும் புரதம் ஒன்று சிறுநீரில் எவ்வளவு வருகின்றது என்று கண்டனர். அவ்வளவையும் அந்நாளில் சுண்டெலிகளிடத்தே சிறுநீரைச் செலுத்தித்தான் கண்டனர். மெத்தோட்ரெக்சேட்டு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. அளவு மிகின் சிறுநீரக நுண்குழாய்களிற் படிந்து அவற்றைக் கெடுக்கும். ஆகவே அதனை மிகுந்த அளவிற் கொடுக்குமுன்னும் கொடுத்தபின்னும் நோயாளியின் கிரியாட்டினினை அளந்து பார்க்கின்றனர். இளமையிற் கண்ட பொருளின் கழிவு, முதுமையில் ஆக்கிய மருந்திற்குக் காவலாக நிற்கின்றது. முதுமை என்று எழுதிவிட்டோம். அவர் அடைந்த முதுமை ஐம்பத்து மூன்று ஆண்டே.

யானைக்கால் நோய்க்கு மருந்து தேடியதும் அவ்வாய்வுக்கூடமே. பருத்திக்காடுகளில் வாழும் ஒருவகை எலியின் உடலில் யானைக்கால் புழுவை ஒத்த புழு உண்டு. அவ்வெலிகளிடத்துப் பல பொருள்களைச் சோதித்து, டையீத்தைல்கார்பமசின் என்னும் மருந்தை 1947ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னாளில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பணியாளர் வீடுதோறும் சென்று கொடுத்த யானைக்கால் தடுப்பு மாத்திரை அதுவே. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கரைச் சுப்பாராவ் தம் ஆய்வுக்கூடத்தில் ஏற்றுக்கொண்டார். அம்முதியவர் எழுபது கடந்தபின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். ஓய்வுபெற்றோரை மூலையில் இருத்தாத தலைவர் ஒருவர் இருந்தார் என்பது எம்போன்றோர்க்கு ஆறுதல் தரும் செய்தி.

வெற்றிகள் பெருகிய அவ்வாழ்க்கையின் மறுபுறம் இருண்டது. அவர் கப்பலேறியபின் சேசகிரி அம்மையார் ஓர் ஆண்மகவை ஈன்றார். அக்குழந்தை ஓராண்டு நிரம்புமுன்பே நோயுற்று மடிந்தது. தந்தை மகன் முகத்தைக் கண்டதில்லை. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லிச் சென்றவர் திரும்பவே இல்லை. ஓர் ஆய்வு முடியுமுன் மற்றோர் ஆய்வு அவரைப் பற்றிக்கொண்டது. அம்மையார் தாய்நாட்டிலேயே காத்திருந்தார். அறிவுலகம் பெற்றதற்கெல்லாம் விலை கொடுத்தவர் அவ்வம்மையாரே என்று கூறுதல் மிகையாகாது.

அந்நாளில் அமெரிக்கச் சட்டம் இந்தியர்க்குக் குடியுரிமை மறுத்தது. 1946ஆம் ஆண்டில் சட்டம் திருந்தியபின்னும் சுப்பாராவ் அக்குடியுரிமையை ஏற்றுக்கொள்ளவில்லை; இந்தியராகவே வாழ்ந்தார். 1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு உறங்கியவர் மறுநாள் எழவில்லை. இதயம் நின்றிருந்தது. பார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைய ஒரு கிழமை இருந்தது.

இந்திய அரசு 1995ஆம் ஆண்டில், அவர் பிறந்த நூற்றாண்டு நிறைவில், அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. அதற்கு நெடுநாள் முன்பே, 1953ஆம் ஆண்டில், அவர் பணியாற்றிய ஆய்வுக்கூடத்து அறிஞர் ஒருவர், தாம் புதிதாகக் கண்ட பூஞ்சை ஒன்றிற்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டிருந்தார். நகரத்துக் கழிவுநீரை வடிகட்டித் தூய்மை செய்யும் கற்படுகைகளில் வளர்வது அப்பூஞ்சை.